கிளட்ச் இல்லாத வண்டி

கூடப்பிறந்தவரின் உடம்பைக் குளிப்பாட்டியிருக்கிறீர்களா?

இத்ரீஸுக்கு அது முதல் தடவை. வீட்டுக்குப் பின்னால் நாலு பக்கமும் சேலைகளைக் கட்டி மறைத்திருந்தார்கள். உள்ளே பலகையில் அவன் அண்ணன் யஹ்யா கிடந்தார். விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யக் குனிந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நிற்பதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று.

"வலப்பக்கம் மொதல்ல," என்றார் பள்ளிவாசல் மோதினார் பீர் மைதீன். "ஏலே, மடமடன்னு ஊத்தாத. அவனுக்கு இன்னும் வலிக்கும்னு நெனச்சுக்கிட்டு ஊத்து."

இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர். இத்ரீஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்று ஊற்றினான். அவனுக்கு நேராக நிற்க வராது. சவுதியில், தம்மாமில் டிரைவராக இருந்தபோது பட்ட அடியில் இடது கணுக்காலுக்குள் தகடு வைத்திருக்கிறார்கள். கணுக்கால் மடங்காது. நடக்கலாம், பள்ளிவாசல் போகலாம், கிளட்ச் மட்டும் மிதிக்க முடியாது. ஊர் திரும்பிய பிறகு, குற்றாலத்தில் சீசனுக்கு ஒரு பழக்கடைக் கல்லாவில் உட்காருவான். சாரல் நின்றால் அந்த வேலையும் நின்றுவிடும். அப்புறம் வீட்டில் உட்கார்ந்து, தெருவில் போகிற வண்டிகளின் சத்தத்தை வைத்து எந்த கியரில் போகிறது என்று சொல்லிக்கொண்டிருப்பான், யாரும் கேட்காமலே.

யஹ்யாவுக்கு ஒரு குட்டி லாரி. புளியங்குடியில் எலுமிச்சை ஏற்றி, செங்கோட்டை தாண்டி, மலையிறங்கிக் கொல்லம் போவார். போன மாதம் எஞ்சின் இறுகி சீஸாகிவிட்டது. குத்துக்கல்வலசையில் பட்டறை வைத்திருக்கும் செல்லப்பா, கோயம்புத்தூரில் அடிபட்ட வண்டி ஒன்றிலிருந்து நல்ல எஞ்சினாகப் பார்த்துப் பிடித்து வந்தார். அதோடு அதனுடைய, கிளட்ச் வேண்டாத ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் வந்தது. அதையே மாட்டலாம். இல்லையென்றால் நடுவில் ஒரு பிளேட் அடித்து, வண்டியின் பழைய மேனுவல் பாக்ஸையே சேர்த்துவிடலாம். எது என்று சொன்னால் போதும்.

அதைச் சொல்லப் போய்த்தான் போன வாரம் பட்டறையில் சண்டை.

"ஆட்டோமேட்டிக்கப் போடுண்ணே. நீ ஒரு நடை, நான் ஒரு நடை. சவுதியில நான் அதத்தான ஓட்டுனேன்," என்றான் இத்ரீஸ்.

"சவுதியில மலை இருக்காலே? மணல்ல ஓட்டிட்டு வந்து பேசுதான். ஆரியங்காவு எறக்கத்துல லோடோட செகண்ட்ல போட்டா, நான் மாத்துத வர வண்டி செகண்ட்லயே நிக்கணும். அதுவா ஒண்ண மாத்திச்சுன்னா?"

"அண்ணாச்சி, இதுலயும் கீழ் கியர்ல பிடிச்சு வைக்கலாம்," என்றார் செல்லப்பா.

"பேட்டரி உக்காந்துட்டா தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியுமாவே?"

"அது முடியாது."

"பொறவென்ன?" என்றார் யஹ்யா. பிறகு தம்பி பக்கம் திரும்பினார். "ஒனக்கு ஓட்டணும்னா வேற வண்டியப் பாருலே. இது என் வண்டி."

இத்ரீஸ் வெளியேறினான். செல்லப்பா கையைத் துடைத்துக்கொண்டே, "ரெண்டு பேரும் ஒத்த வார்த்தையா வாங்க. அதுவர ஒரு போல்ட்டக்கூடத் தொடமாட்டேன்," என்றது முதுகுக்குப் பின்னால் கேட்டது. அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசவில்லை. ஸ்டேரிங்கை விட்டுக்கொடுக்க மனசில்லாத ஆள் என்று இத்ரீஸ் முடிவு கட்டியிருந்தான். அந்த முடிவோடு அவன் நிம்மதியாகக் கோபமாக இருந்தான்.

"இப்ப எடப்பக்கம்," என்றார் மோதினார்.

உடம்பைத் தொப்புளிலிருந்து முழங்கால் வரை துணி மூடியிருந்தது. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அதற்கடியில் விட்டுத்தான் கழுவ வேண்டும். இத்ரீஸின் கை இடது முழங்காலில் நின்றது. வலது முழங்காலை இப்போதுதான் கழுவியிருந்தான். இது அதுபோல இல்லை. வீங்கி உருண்டு கெட்டியாக இருந்தது. பின்பக்கம் என்னவோ பிசுபிசுத்தது.

"என்னலே நிப்பாட்டிட்ட?"

"என்னமோ ஒட்டியிருக்கு."

"பிளாஸ்திரியா இருக்கும். எடுத்துரு. தண்ணி படாத எடம்னு ஒண்ணு இருக்கக் கூடாது."

வெந்நீரை ஊற்றி ஊற்றி, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உரித்தான். அகலமான மருந்துப் பட்டை. அதற்கடியில் தோல் வெந்ததுபோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. ஒன்றிரண்டு நாளில் அப்படி ஆகாது. ஒட்டி எடுத்து, ஒட்டி எடுத்து, மாதக்கணக்கில் ஆகியிருக்க வேண்டும். கைலியை மடித்துக் கட்டாத மனிதர். யாருக்குத் தெரியும்?

"வண்டிக்குப் பட்டறை பட்டறையா அலைஞ்சான். காலக் கொண்டுபோய் எங்கனயும் காட்டலயே," என்றார் மோதினார்.

கடைசித் தண்ணீரில் கற்பூரம் கலந்தார்கள். இத்ரீஸ் அதை இடது முழங்காலில் மட்டும் இன்னொரு செம்பு ஊற்றினான். மோதினார் பார்த்தார், தடுக்கவில்லை.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள். சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுத்து வந்தவர்களில் செல்லப்பாவும் இருந்தார். மண் போடும்போது இத்ரீஸ் வேறு எதையும் நினைக்கவில்லை. அந்த முழங்காலோடு ஒரு மனிதர் மலையில் ஏறி இறங்க எத்தனை முறை கிளட்சை மிதித்திருப்பார் என்றே யோசித்துக்கொண்டிருந்தான். அவ்வளவு வலியை வைத்துக்கொண்டு, மிதிக்கத் தேவையில்லாத வண்டியை ஏன் வேண்டாம் என்றார்?

வீட்டுக்கு வந்து, கூட்டம் குறைந்ததும், உள்ளறைத் திரைச்சீலைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். கணவனை இழந்தவள் பிற ஆண்கள் முன் வராத இத்தாவில் இருக்கும் மதினி ராபியா திரைக்கு அந்தப் பக்கம் இருந்தாள்.

"மதினி, அண்ணன் முழங்கால்ல..."



"தெனமும் நாந்தான் ஒட்டிவிடுவேன். ஒங்ககிட்ட மூச்சுவிடக் கூடாதுன்னுட்டாக."

"அப்ப அவருக்குத்தான மொதல்ல ஆட்டோமேட்டிக் வேணும்?"

"நானும் கேட்டேன். தைலம் தேய்க்கும்போது ஒருநாள் சொன்னாக. தம்பி கிளட்ச் மிதிக்க முடியாமப் போனதும் ஒரு வகையில நல்லதுதான்னு."

இத்ரீஸுக்குக் காது சுட்டது. "நல்லதா?"

"ஸ்டேரிங்க விட்டுட்டாம்லா, அது போதும்னாக." ராபியா மூக்கை உறிஞ்சினாள். "ஒங்களுக்கு அடிபட்டுச்சுன்னு போன் வந்தன்னைக்கு அவுக மலையில இருந்தாக. வண்டிய ஓரங்கட்டுனவுகதான். வியாபாரி போன்ல கெடந்து ஏசுதான், வண்டிய எடுக்கலியாம். தம்பி இனி ஸ்டேரிங்கத் தொடக் கூடாதுன்னு என்கிட்ட மட்டும் சொன்னாக."

இத்ரீஸ் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாசல் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த செல்லப்பா செருமினார்.

"தப்பா நெனைக்காதீய. இன்னைக்குக் கேக்கக் கூடாதுதான். எஞ்சின் செயின்ல தொங்கிக்கிட்டுக் கெடக்கு. அண்ணாச்சி மேனுவல்னு சொன்னாரு. நாந்தான் ரெண்டு பேரும் ஒத்து வாங்கன்னு..."  துண்டால் முகத்தைத் துடைத்தார்.

ஆட்டோமேட்டிக் என்று இத்ரீஸ் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இப்போது அதைத் தடுக்க யாரும் இல்லை. அவன் திரையைப் பார்த்தான்.

"மதினி, வண்டி ஒங்களுது. நீங்க சொல்லுங்க."

உள்ளே பிள்ளைகள் எதற்கோ மல்லுக்கட்டும் சத்தம் கேட்டது. ராபியா அதட்டினாள். சத்தம் அடங்கியது.

"அவுகளுக்குப் பயம் இருந்துச்சு, தம்பி," என்றாள். "எனக்கு ரெண்டு பிள்ளைய இருக்கு. வண்டி ஓடணும்."

 செல்லப்பா போய்விட்டு வருகிறேன் என்று சொல்லாமல் எழுந்து போனார். சாவு வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது.

மறுநாள் காலை இத்ரீஸ் ஆட்டோ பிடித்துக் குத்துக்கல்வலசை போனான். ஆட்டோமேட்டிக்கையே மாட்டச் சொன்னான். செல்லப்பா கிளட்ச் பெடலைக் கழற்றினார். பெடல் இருந்த ஓட்டையைத் தகரம் வைத்து அடைத்தார்கள்.