முட்களை நிமிர்த்திய முடக்கத்தான்

திருவேட்டக்குடியில் மீன் அரிந்து விற்கும் குஞ்சம்மாவின் வேலியில் படர்ந்த முடக்கத்தான் கொடி, அந்த ஆடி மாதம் முதல் வளைந்த பொருள்களையெல்லாம் நிமிர்த்தத் தொடங்கியது. முதலில் நிமிர்ந்தவை அவளுடைய விரல்கள். மூட்டுகள் வீங்கி மடங்கி, இரண்டு மாதமாகக் கத்தி பிடிக்க முடியாமல் பிழைப்பை விட்டிருந்தவள், இலையை அரைத்துத் தோசை மாவில் கலந்து நாற்பது நாள் தின்றாள். நாற்பத்தோராம் நாள் ஒரு முழு வஞ்சிரத்தைத் தானே துண்டு போட்டாள். காரைக்கால் கல்லூரியில் வேதியியல் படிக்கும் மகள் வெண்மதி இலைச்சாற்றை மூன்று முறை சோதித்தாள். மூன்று முறையும் தன் கணக்கைத்தான் சந்தேகித்தாள். வீக்கத்தைத் தணிப்பதாகப் பாடத்தில் படித்த லூட்டியோலின், அபிஜெனின் என்ற சேர்மங்கள் அதில் இருந்தன. விரல்களுக்கு அவை காரணம் சொல்லின. வேலியில் மாட்டியிருந்து நேராகிப்போன குடையின் கைப்பிடிக்கும் வாளிக் கம்பிக்கும் சொல்லவில்லை. அதையும் நோட்டில் எழுதிவைத்தாள்.

புரட்டாசியில், அடுத்த வீட்டுக் கருப்பையன் வேலியில் மாட்டியிருந்த நாற்பது தூண்டில் முட்களும் நேராயின.

“என்னா தங்கச்சி இது? முள்ளுன்னு மாட்டுனேன், ஊசியால்ல கெடக்குது. மீனுக்குச் சட்டை தைக்கவா நான் கடலுக்குப் போறேன்?”

“ஒங்க வேலியில மாட்டிக்கிறதுதான அண்ணே.”

“ரெண்டு வீட்டுக்கும் ஒரே வேலிதான இருக்கு.”

கொடியை வெட்ட அரிவாளோடு வந்தான். ஓங்கும்போதே அரிவாள் அளவுகோல்போல நேரானது. அதைக் கீழே போட்டுவிட்டு, வேரோடு பிடுங்கக் குனிந்தான். கொடி போனால் விரல்கள் மறுபடி மடங்கிவிடும் என்று குஞ்சம்மாவுக்குத் தெரியும்.

“அதத் தொடாதீங்க. முள்ளக் குடுங்க,” என்றாள்.

வேலியை விட்டுத் தள்ளிப் போய் நின்று, குறடு இல்லாமல், கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் எஃகு முள்ளை வளைத்தாள். வெண்மதி நோட்டை மூடிவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். குஞ்சம்மா நாற்பது முட்களையும் வளைத்து முடித்தாள்.

கருப்பையன் ஒரு முனையை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். “வஞ்சிரத்துக்கு இது போதும். கொடுவாவுக்கு இன்னும் கொஞ்சம் அகலமா வேணும்.”

இப்போது குஞ்சம்மா காலையில் மீன் அரிய உட்காருமுன் கடற்கரையிலேயே ஏழு படகுகளுக்கு முள் வளைக்கிறாள். கோட்டுச்சேரிமேட்டு மீனவர்களும் வருகிறார்கள். அந்த விரல்களுக்கு இவ்வளவு வலு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. எந்த மீனுக்கு எவ்வளவு வளைவு என்பதை மட்டும் சொல்லிவிட்டு, வரிசையில் காத்திருக்கிறார்கள்.