நீலமாகிப்போன வெள்ளைத்தாள்

அந்த ஸ்டூடியோக்காரருக்குத் தொழில் வட்டாரத்தில் 'வெள்ளைத்தாள்' என்றே பெயர். எங்கே போனாலும் முதலில் ஒரு வெள்ளைத்தாளைப் படமெடுத்து, இதுதான் வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லிக்கொடுத்த பிறகே ஆளை எடுப்பார். பல்பு மஞ்சளடிக்கும், டியூப்லைட் பச்சையடிக்கும், ஜன்னலோர நிழல் நீலமடிக்கும். நம் கண் கண்டுகொள்ளாது, கேமரா விடாது. ஸ்டூடியோவுக்குப் புது விளக்கு வந்தால் தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்பது அவர் மனைவிதான். "சம்பளமில்லாத ஸ்டாண்டு நான்" என்பாள்.

அவள் போய்ச் சேர்ந்து இன்று மூன்றாம் நாள். ஃபிரேம் போட நல்ல படம் வேண்டுமென்று மச்சினி வந்து கம்ப்யூட்டரில் தேடிக்கொண்டிருந்தாள். அவருக்கு எதையும் பார்க்கத் தெம்பில்லை.

"மாமா, இது எப்ப எடுத்தது? அக்கா எவ்வளவு களையா இருக்கா!"

ஆறு மாதத்துக்கு முன், புது விளக்கு வாங்கிய அன்று எடுத்தது. தாளை வைத்து ஒழுங்காகத்தான் செட் செய்தார். இருந்தும் திரையில் முகம் மஞ்சளாக வந்தது.

"உடம்பு ஒரே அசதியா இருக்குங்க. நாளைக்கு டாக்டர்கிட்ட போலாம்னு இருக்கேன். கண்ணுகூட மஞ்சளா இருக்கே, பாருங்களேன்," என்றாள் மனைவி அன்று.

"அட, அது விளக்கோட வேலை. மலிவுச் சரக்கு இப்படித்தான் இளிக்கும். இரு."

முகத்தை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை வெட்டினார். பிறகு நிறத்தை நீலப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினார். பெரிய கெட்டிக்காரர் இல்லையா! முகம் பளிச்சென்று ஆனது.

"இப்ப பாரு. உனக்கு என்ன குறைச்சல்?"

அவள் பார்த்துச் சிரித்தாள். "ஆமா, நல்லாத்தான் இருக்கேன்," என்று டாக்டரைத் தள்ளிப்போட்டாள். இன்றைக்கு நாளைக்கு என்று இரண்டு மாதம் ஓடியது. ஈரலில் கட்டி என்று தெரிந்தபோது, "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?" என்றார் டாக்டர். பாவி மனுஷனுக்கு அப்போதும் உறைக்கவில்லை.

"ரொம்ப நெருக்கி வெட்டியிருக்கீங்க, மாமா," என்று மச்சினி வெட்டியதை விலக்கிப் படத்தை முழுசாகத் திறந்தாள். கழுத்து வந்தது, கைகள் வந்தன, அவள் பிடித்திருந்த தாளும் வந்தது.

"முகம் சரியா இருக்கு. தாள் மட்டும் ஏன் இப்படி நீலமா இருக்கு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். விளக்கின் குற்றமாக இருந்தால் முகத்தோடு சேர்ந்து தாளும் வெள்ளையாகியிருக்க வேண்டும். மவுஸை வாங்கி, தான் ஏற்றிய நீலத்தையெல்லாம் இறக்கினார். தாள் சுத்த வெள்ளையானது. விளக்கில் ஒரு கோளாறும் இல்லை. தாளுக்கு மேலே அவள் முகம் மஞ்சளாக இருந்தது. கண்ணின் வெள்ளையும் மஞ்சளாக இருந்தது.

"என்ன மாமா, என்ன ஆச்சு?"

"பாருங்களேன்னு சொன்னாளே," என்று உடைந்து அழுதார். "நான் படத்தைத்தானே பாத்தேன்."