செங்கல் தூள் போட்டுத் தேய்த்த கல்சட்டி

பாகூரில் என் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஒரு பேர் உண்டு. விருத்தாம்பாள் வீட்டுச் செம்பில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். புளியும் செங்கல் தூளும் போட்டு உள்ளும் வெளியும் தேய்ப்பேன். அதில் எனக்கு அத்தனை கர்வம். அந்தக் கர்வம்தான் என் புருஷனைப் படுக்கையில் தள்ளியது.

தேய்த்த தேய்ப்பில் குழம்புக் குண்டானின் உட்புறம் பூசியிருந்த ஈயமெல்லாம் போய்விட்டது. ஈயம் பூசுகிறவனும் அந்த வருஷம் வரவில்லை. நான் பாட்டுக்கு அதிலேயே புளிக்குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் குமட்டல் இருந்தது; ஆனால் குழம்பில் முக்கால்வாசி அவர் வயிற்றுக்குத்தானே போகும்? கரும்பு வெட்டும் நேரத்தில் ஒரு நாள் வாந்தி எடுத்து வயலில் விழுந்தவரை, வண்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

நடேச வைத்தியர் நாடி பார்த்தார். பிறகு நேரே அடுப்படிக்குப் போய்க் குண்டானை எட்டிப் பார்த்தார்.

“புளி பட்டுப் பித்தளயில ஊறுன பச்சக் களிம்பும்மா இது! புருசனுக்குத் தெனமும் வெசத்த ஊத்தியிருக்க. இனிமே நாழிக்கு ஒரு தபா இளஞ்சூடா மருந்துக் கஞ்சி குடுக்கணும். மண்சட்டி ஆறிப்போவும். கல்சட்டிதான் சூட்டப் புடிச்சி வைக்கும். பித்தளய கிட்டயே சேக்காத. இன்னொரு தபா இது உள்ள போச்சுன்னா என்னால ஆவாது.”

எங்கள் வீட்டில் கல்சட்டி ஏது? வாங்கக் கடலூர்ச் சந்தைக்குப் போக வேண்டும். எங்களூர் பிரெஞ்சுக்காரன் சீமை, கடலூர் இங்கிலீஷ்காரன் சீமை; எல்லைச் சுங்கச் சாவடிக்காரனோடு மல்லுக்கட்டிக் கொண்டுவந்தாலும் புதுச் சட்டியை உடனே அடுப்பில் ஏற்ற முடியாது. மஞ்சளும் விளக்கெண்ணெயும் தடவி, பத்துப் பதினைந்து நாள் சுடுகஞ்சி ஊற்றி ஊற்றிப் பழக்க வேண்டும். இல்லாவிட்டால் படீரென்று விண்டுவிடும். அதுவரை அவர் தாங்க வேண்டுமே!

பழகிய கல்சட்டி எங்கள் தெருவில் ஒருத்தியிடம்தான் இருந்தது. கஸ்தூரி அக்கா, என் புருஷனின் அண்ணன் மனைவி. பாகம் பிரித்தபோது ஒரு முருங்கை மரத்துக்காக அவளை வாயில் வந்தபடி பேசிவிட்டேன். மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. செத்தாலும் உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று மண்ணை வாரித் தூற்றியவள் நான். அவர் கண் சொருகிக் கிடந்ததைப் பார்த்ததும் ரோஷமாவது மண்ணாவது! ஓடினேன்.

“இன்னாடி?” என்றாள் அக்கா.

சொன்னேன். அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அடுப்பில் கொதித்த வற்றல் குழம்பை வேறு சட்டிக்கு மாற்றினாள். கல்சட்டியை அலசித் துடைத்துத் துணி சுற்றிக் கையில் கொடுத்தாள்.

“சூட்டுல பச்சத் தண்ணி ஊத்திடாத. எங்கம்மா இருவது வருசம் ஆக்கின சட்டி. மொதல்ல தம்பியப் பாரு, போ.”

ஒரு மாதம் அந்தச் சட்டியில்தான் அவர் உயிர் இருந்தது. முதலில் கஞ்சி, அப்புறம் மிளகு ரசம், அப்புறம் குழைந்த சோறு. முப்பதாம் நாள் எழுந்து வாய்க்கால் வரை நடந்தார். பார்த்துக்கொண்டே நின்றேன்; கண் நிறைந்துவிட்டது.

சட்டியைத் திருப்பித் தர வேண்டும். வெறுமனே கொடுக்கலாமா? உள்ளே போட ஒரு படி பச்சரிசியும் இரண்டு அச்சு வெல்லமும் எடுத்து வைத்தேன். ஆனால் சட்டியோ கன்னங்கரேல் என்று கிடந்தது. புருஷனைக் காப்பாற்றிக் கொடுத்தவளுக்கு இப்படியா கொடுப்பது? செங்கல் தூளை எடுத்தேன். காலையிலிருந்து உச்சி வெயில் வரை தேய்த்தேன். கறுப்பு எல்லாம் கழன்று கல் சாம்பல் நிறத்தில் வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

அக்கா துணியைப் பிரித்துப் பார்த்தாள். அரிசியையும் வெல்லத்தையும் முறத்தில் கொட்டிவிட்டுச் சட்டிக்குள் கையை விட்டுத் தடவினாள்.

“தேச்சிட்டியா?”

“ஆமாங்கா, புதுசு கணக்கா ஆயிடுச்சி பாரு!”

“எங்கம்மா போயி ஆறு வருசம் ஆவுது. அவங்க ஊத்துன எண்ணெதாண்டி அந்தக் கறுப்பு.”

பித்தளையைத் தேய்த்தே கெட்டவள், கல்லையும் தேய்த்துக் கெடுத்துவிட்டேனே! அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

“என்னச் செருப்பால அடிக்கா,” என்றேன்.

மூன்று வருஷத்து ஏச்சையும் சேர்த்துக் கொட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் சட்டியை மடியில் வைத்து உட்புறத்தை இன்னொரு தரம் தடவினாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“எழுந்திருடி. சட்டியில போன கறுப்பு நாலு வருசத்துல ஏறிடும். தம்பி போயிருந்தா எங்க போயித் தேடுவ?”

வாய்விட்டு அழுதேன்.

“அழுவறத நிறுத்திட்டுப் போயி வெளக்கெண்ணெ எடுத்துனு வா. செங்கத்தூளோட இந்தப் பக்கம் வந்த, கைய ஒடிச்சிடுவேன்!”

எண்ணெய் எடுக்க ஓடினேன். என் கழுத்தில் இருக்கிற தாலி கஸ்தூரி அக்கா போட்ட பிச்சை. எந்தச் சபையில் கேட்டாலும் சொல்வேன்.