பெரியம்மாவுக்கு ஒரு விலை

கண்ணாடிக்கடைக்காரருக்கு மூன்று வாரமாக மண்டை காய்ந்துகொண்டிருந்தது. வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று கேட்டே பிழைப்பை ஓட்டுகிற மனுஷர். இப்போது அவருக்கே எதுவும் தெளிவாக இல்லை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நாலு இரும்பு ஸ்டாண்டுகள்மேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறதே ஒரு பழைய கார், அதற்கு என்ன விலை?

ஓடுகிற காராக இருந்தால் நாலு பேரைக் கேட்டு ஒரு தொகையைச் சொல்லிவிடலாம். இது ஓடாது. அவர் பிறப்பதற்கு முன்னால் செய்த வண்டி. எஞ்சின் மரப்பெஞ்சில் கிடக்கிறது, கதவுகள் சுவரில் சாய்ந்திருக்கின்றன, நட்டும் போல்ட்டும் பிஸ்கட் டப்பாக்களில். அவரும் அவர் மனைவியின் தம்பியும் பாதிப் பாதி போட்டு வாங்கியது. மச்சினன் லிஃப்ட் மெக்கானிக். "ஒரே வருஷத்துல ரோட்டுல விட்டுரலாம் மாமா" என்றான். ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமல் எல்லாரையும் வேலை வாங்குவதால் இருவரும் அதற்குப் பெரியம்மா என்று பேர் வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், மச்சினன் வந்து நிற்பான். ஒரு போல்ட்டைக் கழற்ற அரை நாள், கழற்றியதைப் பற்றிப் பேச மீதி நாள்.

இப்போது அவனுக்கு வேறு ஊருக்கு மாற்றல். மாசக் கடைசியில் குடும்பத்தோடு கிளம்புகிறான். அங்கே பார்த்திருக்கும் வீடோ நாலாவது மாடி, சைக்கிள் நிறுத்தக்கூட இடமில்லை. கூட்டுச் சொத்தைப் பிரித்தாக வேண்டும். "நீ சொல்லு மாப்ளே" என்பார் இவர். "நீங்க சொல்லுங்க மாமா" என்பான் அவன். இப்படியே இழுத்ததில் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"பசங்களுக்கு நான் கேக் எப்படிப் பிரிக்கிறேன்? ஒருத்தன் வெட்டணும், இன்னொருத்தன் எடுக்கணும். நீங்க விலையைச் சொல்லுங்க. அந்த விலைக்கு உங்க பாதியை வாங்கிக்கிறதா, தன் பாதியை வித்துடுறதான்னு அவன் சொல்லட்டும். இதுக்கு மேல என்னை இழுக்காதீங்க. நான் அவனுக்கு அக்கா, உங்களுக்குப் பொண்டாட்டி."

நியாயம் என்று இருவருமே தலையாட்டிவிட்டார்கள். ஆட்டிய பிறகுதான் தலையைக் கொடுத்தது தான் என்பது கண்ணாடிக்கடைக்காரருக்கு உறைத்தது.

சரி, தெரிந்தவர்களைக் கேட்போம் என்று கிளம்பினார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. பழைய கார் தரகர் கொட்டகைக்கே வந்து, குனிந்து நிமிர்ந்து, அடித்தகட்டை ஆணியால் குத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஓட்டத்துல இருந்தா பத்து லட்சம் போகும். ஓட வைக்கப் பன்னெண்டு லட்சம் ஆகும். நீங்களே கழிச்சுப் பாருங்க." கழித்துப் பார்த்தால் எடுத்துப் போகிறவனுக்கு இவர்தான் ரெண்டு லட்சம் கொடுக்க வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நொந்துகொண்டே உதிரிபாகக் கடைக்காரரிடம் போனார். அவரோ, "முழு வண்டியாப் பாக்காதீங்க சார். முன் விளக்கு, கதவுப் பிடி, ஸ்டீரிங், எல்லாம் இப்ப கிடைக்காத சரக்கு. பிரிச்சு வித்தா ரெண்டரை லட்சம் தேறும்" என்றார். பெயிண்டர் ஒருவர், "துருவோட அப்படியே இருந்தாத்தான் மதிப்பு, தொட்டா போச்சு" என்றார். ஒன்பது வருஷமாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கையை இவர் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

ஆக, சும்மா கொடுத்தாலும் நஷ்டம், பிரித்தால் லாபம், தொட்டிருக்கவே கூடாது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், செத்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்த யானை இருக்கிறதா செத்ததா என்பதே அவருக்குப் பிடிபடவில்லை.

ஒன்று மட்டும் சந்தேகமில்லாமல் தெரிந்தது. பெரியம்மா இந்தக் கொட்டகையைவிட்டுப் போகக் கூடாது. அது ஓட வேண்டும் என்றுகூட அவருக்கு ஆசை இல்லை. அது இங்கே இருந்தால் மாசத்துக்கு ஒரு ஞாயிறாவது மச்சினன் பஸ் பிடித்து வருவான். அது போய்விட்டால் அவன் எதற்கு வரப்போகிறான், அக்கா கையால் காப்பி குடிக்கவா? இவருக்குக் கல்யாணமான புதிதில் வாய் திறக்காத பையன் அவன். அந்த வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டுதான் இருவரும் பேசவே கற்றுக்கொண்டார்கள்.

விலையை ஏற்றிச் சொன்னால் மச்சினன் விற்றுவிடுவான், ஆனால் பாதித் தொகை கொடுக்கக் கையில் காசில்லை. இறக்கிச் சொன்னால் எவனும் வாங்கத்தான் பார்ப்பான். ஆனால் இவனால் எப்படி வாங்க முடியும், நாலாவது மாடியில் எங்கே வைப்பான்? விற்றே ஆக வேண்டும். ஆகவே எவ்வளவு இறக்கினாலும் வண்டி நமக்குத்தான். இந்தக் கணக்கு புரிந்ததும் அவருக்குத் தன் மூளையைத் தானே தட்டிக்கொடுக்கத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வழக்கம்போல் வந்தான். அழுக்குச் சட்டை போடவில்லை, இஸ்திரி போட்ட சட்டை. இருவரும் கொட்டகையில் ஆளுக்கொரு டயர்மேல் உட்கார்ந்தார்கள்.

"சொல்லுங்க மாமா."

"முப்பதாயிரம்."

"பாதிக்கா?"

"முழுசுக்கும்."

மச்சினன் எஞ்சினைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

"நான் வாங்கிக்கிறேன்" என்றான்.

கண்ணாடிக்கடைக்காரர் டயரைவிட்டு எழுந்துவிட்டார். "எங்கடா வைப்பே?"

"எங்கயாவது ஒரு ஷெட் வாடகைக்குப் பிடிக்கிறேன்." "எனக்கு ஒண்ணு மட்டும் புரியல மாமா. நீங்க பெரிய விலையாச் சொல்வீங்க, 'எனக்குக் காசு வேணாம், பெரியம்மா உங்ககிட்டயே இருக்கட்டும், நான் வந்து பாத்துக்கிறேன்'னு சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன். முப்பதாயிரமா? இத்தனை வருஷமும் உங்களுக்கு அவ்வளவுதானா?"

இல்லையென்று சொல்லத் தெரியாமல் அவர் உள்ளதை உளறிவிட்டார். "நீ எப்படியும் வித்துடுவேன்னு நெனச்சுத்தான் கம்மியாச் சொன்னேன் மாப்ளே. வண்டி எனக்கு வேணும்."

"அப்ப என்னை ஏமாத்தலாம்னு பாத்தீங்க."

"ஏமாத்த இல்லடா. நீ வரணும்னு."

மச்சினனுக்கு அது காதில் விழுந்ததா, விழுந்தும் நம்பவில்லையா என்று தெரியவில்லை. எழுந்து சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டினான். கண் சிவந்திருந்தது.

"இப்பவாவது உண்மையைச் சொல்லுங்க. இதுக்கு என்ன விலை?"

தரகர் சொன்னது, கடைக்காரர் சொன்னது, பெயிண்டர் சொன்னது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு வந்தன. அவர் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, "விக்கிறதா இல்ல" என்றார்.

"அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே மாமா" என்று சொல்லிவிட்டு, மச்சினன் போனை எடுத்து, பெரியம்மாவை ஏற்றிப்போக லாரிக்காரரைக் கூப்பிட்டான்.