அட்டவணையில் இல்லாத ஆறு மணி நேரம்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதி என் அக்கா சொன்னது. மீதி அவள் கணவர் சொன்னது. இருவரும் வெவ்வேறு நாட்களில் என் வீட்டுக்கு வந்து, அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அதே தாழ்ந்த குரலில், "நான் சொன்னேன்னு வெளிய தெரியக் கூடாது" என்றார்கள். ஆகவே எதை யார் சொன்னார்கள் என்பதைத் தெளிவாகவே எழுதப்போகிறேன். இல்லாவிட்டால் உங்களுக்குக் குழப்பமாகிவிடும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பயணம் என்பது மனிதன் தன்னைத் தானே" — அடித்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் யாரும் தன்னைத் தானே எதுவும் செய்துகொண்டதில்லை.

இரண்டாவது தொடக்கம்: "மஞ்சள் தொப்பி போட்ட நாற்பத்தொரு பேர் ஏரிக்கரையில் இறங்கியபோது" — இது பரவாயில்லை. ஆனால் ஏரிக்கரைக்குப் போவதற்குள் அத்தானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

2

அத்தானுக்குப் பேருந்து டிப்போவில் வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும், எந்த டிரைவர் எங்கே இறங்கி எந்த வண்டியில் ஏற வேண்டும் என்று கட்டம் போட்டு அட்டவணை எழுதுவார். திருமணமாகி இருபத்தொன்பது வருடங்களில் அக்காவை இருபத்திரண்டு முறை வெளியூர் கூட்டிப் போயிருக்கிறார். ஒவ்வொரு முறைக்கும் ஒரு நோட்டு. ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்:

9.10 – கோபுரத்தில் ஏறுதல்.
9.35 – உச்சி.
9.35 முதல் 9.45 வரை – ரசித்தல்.
9.45 – இறங்குதல்.

(கைப்பிரதியைப் படித்த நண்பர், 'ரசித்தல்' நம்பும்படி இல்லை, எடுத்துவிடு என்றார். உண்மையில் நோட்டில் 'ரசித்தல் (கட்டாயம்)' என்று இருந்தது. நம்பகத்தன்மைக்காக நான்தான் குறைத்தேன்.)

சுற்றுலா நிறுவனங்களைக் கண்டாலே அத்தானுக்கு ஆகாது. "மாப்ளே, சொந்தமா திட்டம் போட்டுப் போறவன்தான் பயணி. கூட்டத்தோட போறவன் லக்கேஜ்" என்பார்.

3

அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். ஓய்வு பெற்ற அடுத்த வாரம், சாப்பாட்டு மேஜையில், அத்தானுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"நான் ஒரு டூர்ல சேர்ந்திருக்கேன். எட்டு நாள்."

"நாமன்னு சொல்லு."

"நான்னுதான் சொன்னேன்."

அத்தான் தண்ணீரைக் குடித்து முடித்தார். "கொடியைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பொண்ணு முன்னாடி போகும், மத்தவங்க பின்னாடி போவாங்களே, அதுவா?"

"அதேதான்."

"எதுக்கு? நானே போட்டுத் தர்றேனே. நம்ம இஷ்டத்துக்கு, சுதந்திரமா..."

"சுதந்திரம் உங்களுக்குங்க. எனக்கு இருபத்திரண்டு தடவையும் டூர்தான். இதுலயாவது கைடைப் பத்திப் பக்கத்து சீட்டுல குறை சொல்லலாம்."

இந்த இடத்தில், தானே திட்டமிடும் பயணத்துக்கும் கூட்டத்தோடு போகும் பயணத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தேன். ஒருவருடைய சுதந்திரம் பக்கத்தில் நடப்பவருக்கு எப்போது அட்டவணை ஆகிறது என்பது மாதிரி. திரும்பப் படித்தபோது அக்கா ஒரு மூச்சில் சொன்னதைத்தான் நான் மூன்று பக்கத்துக்கு மூச்சு வாங்கிக்கொண்டு சொல்லியிருந்தேன். கிழித்துவிட்டேன்.

4

அக்கா கிளம்பிய அன்று காலையில் அத்தானும் கிளம்பினார். டூர் போகும் இடங்களின் பட்டியல் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்து, சாதாரணப் பேருந்துகளிலேயே, ஒவ்வோர் ஊருக்கும் டூர் வண்டிக்கு இருபது நிமிடம் முன்னால் போய்ச் சேர்கிற மாதிரி ஓர் அட்டவணை போட்டுவிட்டார்.

"எதுக்கு அத்தான்?" என்று கேட்டேன்.

"ஏதாவது ஒண்ணுன்னா?" என்றார். ஒரு கதாபாத்திரத்துக்கு இந்தக் காரணம் போதுமா என்று பலமுறை யோசித்தேன். கணவருக்குப் போதும் போலிருக்கிறது.

தூண்களுக்குப் பின்னாலும் தள்ளுவண்டிகளுக்குப் பின்னாலும் நின்று மூன்று நாள் மனைவியைப் பார்த்தார். அவள் பக்கத்து சீட்டுக்காரியான ஓய்வு பெற்ற நர்ஸோடு சிரித்துக்கொண்டே நடந்தாள். என்ன பேசிச் சிரிக்கிறாள் என்று அவருக்குக் கேட்கவில்லை.

(அக்கா என்னிடம் சொன்னது: "ரெண்டாவது நாளே பாத்துட்டேன்டா. அந்த நடையை எனக்குத் தெரியாதா? ஒளிஞ்சுக்கிட்டா ஒளிஞ்சுக்கிட்டுப் போறாருன்னு விட்டுட்டேன்.")

5

நான்காம் நாள், காலை பதினொரு மணி, ஏரிக்கரை. புழுக்கம். அக்கா டூரில் எல்லோருக்கும் கொடுத்த மஞ்சள் தொப்பியைக் கழற்றி பெஞ்சில் வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனாள். செல்பேசி வண்டியில் சார்ஜில் இருந்தது. கொடி பிடித்த கைடு, தொண்டை கட்டிய சின்னப் பெண், எல்லோரையும் ஏறச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள்.

டிக்கெட் கவுண்டருக்குப் பின்னாலிருந்த அத்தான், பெஞ்சில் அநாதையாகக் கிடந்த தொப்பியைப் பார்த்தார். மறந்துவிட்டு ஏறிவிட்டாள் என்று நினைத்தார். போய் எடுத்தார். கையில் வைத்திருந்தால் திருடியது போலத் தெரியும் என்று தலையில் வைத்துக்கொண்டார்.

"மஞ்சத் தொப்பி சார்! உங்களைத்தான். எத்தனை தடவை கூப்பிடறது? ஏறுங்க!"

முப்பது வருடமாக மற்றவர்கள் ஏற வேண்டிய வண்டியை எழுதிக்கொண்டிருந்தவரை யாரோ ஏறச் சொல்கிறார்கள். ஏன் மறுக்கவில்லை என்று கேட்டேன். "மறுத்தா யாருன்னு சொல்லணுமே, மாப்ளே" என்றார். ஏறினார். கடைசி வரிசையில் குனிந்து உட்கார்ந்தார். அடுத்த ஊரில் நைசாக இறங்கிவிடுவதாகத் திட்டம். கைடு எண்ணினாள். நாற்பத்தொன்று. கதவு மூடிக்கொண்டது.

அக்கா கழிப்பறை வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூப்பிடலாம்னு வாயைத் தொறந்தேன்டா. அப்புறம் மூடிக்கிட்டேன்."

6

அத்தான் தூங்கிப்போனார். வண்டியில் அவர் தூங்கியதே கிடையாது. அடுத்த நிறுத்தத்தை யார் பார்ப்பது? மூன்று மணி நேரம் கழித்து அடுத்த ஊரில் விழித்து, முன்னால் இறங்குகிற மஞ்சள் தொப்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அக்கா இல்லை. அவள் சீட்டில் பையும் செல்பேசியும் மட்டும் இருந்தன. பக்கத்து சீட்டு நர்ஸம்மா, அவள் ஜன்னலோரம் தேடி வேறு வரிசைக்குப் போய்விட்டாள் என்று நினைத்திருந்தார்.

"ஒரு ஆளை விட்டுட்டு வந்துட்டீங்கம்மா!"

"இல்லை சார், நாற்பத்தொண்ணும் இருக்கு. ரெண்டு தடவை எண்ணினேன்."

"அந்த நாற்பத்தொண்ணுல நான் ஒருத்தன்."

கைடு பட்டியலைப் பார்த்தாள். "உங்க பேர் இதுல இல்லையே சார்?"

"பேர் இருக்கிறவளோட வீட்டுக்காரன்."

அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. நர்ஸம்மாதான் இருவருக்கும் தண்ணீர் கொடுத்தார். ஏரிக்கரைக்குப் போன் போனது. மஞ்சள் தொப்பி இல்லாத ஓர் அம்மாளை எப்படி அடையாளம் காண்பது என்று அங்கிருந்தவர்கள் கேட்டார்கள். என்ன நிறப் புடவை என்று அத்தானிடம் கேட்டார்கள். மூன்று நாளாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது நினைவுக்கு வரவில்லை.

பேருந்து நிலையத்தில் போய் உட்கார்ந்தார். அவள் வரக்கூடிய வண்டிகள் மூன்று என்று கணக்குப் போட்டார். மூன்றும் வந்தன. எதிலும் அவள் வரவில்லை.

ஐந்து மணிக்கு ஒரு காய்கறி வேன் வந்து நின்றது. டிரைவருக்கும் அவர் மனைவிக்கும் நடுவிலிருந்து அக்கா இறங்கினாள். தலைமுடி கலைந்திருந்தது. முகம் வெயிலில் கறுத்திருந்தது.

"சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"ம்" என்றார். சாப்பிட்டிருக்கவில்லை.

மீதி நாட்கள் கைடு அவருக்கும் ஒரு தொப்பி கொடுத்து வண்டியில் சேர்த்துக்கொண்டாள். சொன்ன இடத்தில் ஏறினார், சொன்ன இடத்தில் இறங்கினார்.

7

பதினொன்றிலிருந்து ஐந்து வரை அக்கா என்ன செய்தாள்?

முதல் வரைவில் அவளைத் தனியாகப் படகில் ஏற்றி ஏரி நடுவில் நிறுத்தினேன். படித்துவிட்டு, "எனக்குத் தண்ணின்னா பயம்டா" என்றாள். இரண்டாவதில் பழைய கல்லூரித் தோழர் ஒருவரைச் சந்திக்க வைத்தேன். "உதைப்பேன்" என்றாள். மூன்றாவதில் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். அதைத்தான் ரொம்ப நேரம் படித்தாள். பிறகு பேனாவை வாங்கி, குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

8

ஊர் திரும்பி நான்கு மாதம் ஆகிறது. போன வாரம் அத்தான் வந்தார்.

"உன்கிட்ட சொல்லியிருப்பா. என்கிட்ட நேர்ல சொல்ல முடியலைன்னா கதையிலயாவது எழுது, மாப்ளே. நான் படிச்சுத் தெரிஞ்சுக்கறேன்."

அக்காவிடம் போய்க் கேட்டேன். துணி மடித்துக்கொண்டே முழுவதையும் சொன்னாள். நாற்பது நிமிடம் ஆனது. இடையில் இரண்டு முறை சிரித்தாள், ஒரு முறை மடிப்பதை நிறுத்தினாள்.

"இதை எழுதலாமா?"

"கைடுகிட்ட கேட்டாரு. நர்ஸம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டாரு. அந்த வேன் டிரைவரைத் தேடிப் பிடிச்சுக் கேட்டாரு. இப்ப உன்கிட்ட. என்கிட்ட மட்டும் இன்னும் கேக்கலைடா." ஒரு தலையணை உறையை உதறினாள். "கேட்டா சொல்லிடுவேன். ஒண்ணு விடாம சொல்லிடுவேன்."

ஆகவே எழுதப்போவதில்லை. மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும். மேலே நான் கைவிட்ட மூன்றில் எதையாவது வைத்துக்கொள்ளலாம், நான்காவதாக ஒன்றை நீங்களே எழுதிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

அத்தான், உங்களுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. நீங்கள் இந்த வரியைப் படிக்கும்போது அவள் அநேகமாகப் பக்கத்து அறையில்தான் இருப்பாள். எழுந்து போய்க் கேளுங்கள்.