தொட்டித் தண்ணீர்

ஈரச் சட்டை அவள் முகத்தில் சப்பென்று வந்து விழுந்தது. அதன் பின்னாலேயே கணவனின் கையும் வந்தது. சமையலறைச் சுவரில் தலை மோதிச் சரிந்தவளை முடியைப் பிடித்துத் தூக்கினான்.

"துவைக்க மாட்டியா? இன்னொரு தடவை சொல்லு பார்ப்போம்."

"மாட்டேன்" என்றாள். உதடு கிழிந்திருந்ததால் சொல் குழறியது. ஆனாலும் புரிந்தது.

தெருவில் அவனை ஈயக்காரன் என்பார்கள். பழைய கார் பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் வேலை. வீடு திரும்பும்போது சட்டை மடிப்பெல்லாம் சாம்பல் நிறத் தூள் அப்பியிருக்கும். அதைச் சமையலறை மூலையில் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டியில் அலசுவது மனைவியின் வேலை. அலசிய தண்ணீரைக் கொட்டிவிடக் கூடாது. அடியில் தங்குவதை வழித்து, பழைய வாணலியில் போட்டு அடுப்பிலேயே காயவைத்தால் பட்டறை முதலாளி வாங்கிக்கொள்வார். யோசனை மாமியாருடையது. சிக்கனத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

கல்யாணமானதிலிருந்து மருமகளுக்குக் கரு தங்கவில்லை. ஒவ்வொரு முறையும் நாள் தள்ளிப்போகும். வீட்டில் குரல்கள் கொஞ்சம் தாழும். பிறகு ரத்தம் வரும். ரத்தம் கண்ட அன்று மாமியார் ராசி கெட்டவள் என்பாள், மகன் கையை ஓங்குவான். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு அந்த வீடு தந்த ஆறுதல் அதுதான்.

இந்த முறையும் நாள் தள்ளியது. யாருக்கும் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். மறுபடி போனபோது டாக்டரம்மா கணவனின் தொழிலை விசாரித்தார். அவன் துணியை யார் துவைக்கிறார்கள் என்று கேட்டார். பிறகு நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்க ரத்தத்துல ஈயம் ரொம்ப அதிகமா இருக்கும்மா. கடுகு அளவு கருவுக்கு எல்லாமே அம்மாகிட்டேருந்துதான் போகுது. நல்லதும் போகும், விஷமும் போகும். உறுப்பெல்லாம் உருவாகுற நேரம், அது தாங்காது. முன்னாடி கலைஞ்சதுக்கும் இதுவே காரணமா இருக்கலாம். இனிமே அந்தத் தூள் பக்கமே போகாதீங்க."

ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அழுதாள். அதுவரை வாங்கிய அடியெல்லாம் அப்போதுதான் வலித்தது.

வீட்டில் சொன்னாள். நாள் முழுக்க அதிலேயே புரள்கிற தனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கணவன் சிரித்தான். வேலைக்குச் சாக்குச் சொல்ல ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருக்கிறாள் என்றாள் மாமியார். துணியைத் தானே ஊறவைத்துவிட்டு, மருமகளை ஒரு வழி பண்ணச் சொல்லி மகனை ஏவினாள்.

அவன் இப்போது இரும்புக் கரண்டியை எடுத்திருந்தான். அவள் இரண்டு கைகளாலும் வயிற்றை மூடிக்கொண்டதால் அடி முதுகிலும் தோளிலும் விழுந்தது. கரண்டிக் காம்பு வளைந்ததும் அதை வீசிவிட்டு, பிடரியைப் பிடித்து அவள் முகத்தைத் தொட்டிக்குள் அமுக்கினான். மூச்சு முட்டியது. வாயை இறுக மூடிக்கொண்டு, காலைச் சுவரில் ஊன்றி உந்தித் தள்ளினாள். தொட்டி கவிழ்ந்தது.

சாம்பல் தண்ணீர் வாசற்படியை நோக்கி ஓடியது. அங்கே சத்தம் கேட்டு நாத்தனார் வந்து நின்றிருந்தாள். அவளும் முழுகாமல் இருந்தாள். வாந்தியும் மயக்கமுமாகக் கிடக்கிறாளே என்று அம்மாதான் ஓய்வுக்காக அழைத்து வந்திருந்தாள்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்த மாமியார் பதறி ஓடினாள்.

"கிட்ட வராதடி. அந்தத் தண்ணி உன்மேல படக் கூடாது, வயித்துல புள்ள இருக்கு."

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. மகனின் பிடி தளர்ந்தது.

மருமகள் சுவரைப் பிடித்து எழுந்தாள். முகத்திலிருந்து தண்ணீரும் ரத்தமும் சேர்ந்து வழிந்தன. அவள் கத்தவில்லை.

"அப்போ என் வயித்துல இருந்ததெல்லாம் என்ன அத்தை?"

வெளியே குழாயடிக்குப் போய் முகத்தையும் முழங்கை வரை கையையும் தேய்த்துக் கழுவினாள். வயிற்றில் வலி இல்லை. அது போதும் என்று ஆஸ்பத்திரி இருக்கும் திசையில் நடந்தாள்.

"இருங்க அண்ணி, நானும் வரேன்" என்று நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள். அம்மா கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்க்கவில்லை.

சமையலறைத் தரையில் தூள் படிந்து கிடந்தது. வீணாகிறதே என்ற பதைப்பில் மாமியார், "அதை வழிச்செடுடி" என்று பழக்கத்தில் குரல் கொடுத்தாள்.

வீட்டில் மகன் மட்டும்தான் இருந்தான்.