மூன்றாவதாக எடுக்கப்பட்டவன்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் ஆல்வின் தன் சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டைச் சமையலறை நாற்காலியில் தொங்கவிட்டு, அதன் முதுகில் தைத்திருந்த எண்ணைக் காட்டினார். "கிளெனிஸ், இந்த ஒண்ணோட கால் பிரிஞ்சு தொங்குது பாரு. சனிக்கிழமைக்குள்ள ரெண்டு தையல் போட்டுடு. ஸ்பைரோ கண்ணுல பட்டா மானத்தை வாங்கிடுவான்." அவர் மனைவி கிளெனிஸ் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கை ஈரமாக இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்றாள். அவர் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு வெளியே போனார். அதன் சக்கரங்கள் சிமென்ட் பாதையில் கரகரவென்று ஓடித் தெரு ஓரத்தில் நிற்பது கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. எதிர்வீட்டுப் பெண் ஓடிவந்து கதவைத் தட்டியபோது கிளெனிஸின் கையில் நுரை இன்னும் காயவில்லை.

அடக்கத்தன்று பெட்டியின் மேல் அவருடைய கால்பந்து அணியான நாரைகளின் சிவப்பும் சாம்பலுமான கழுத்துத் துணியைப் போர்த்தினார்கள். மீன் பொரிக்கும் கடை வைத்திருக்கும் ஸ்பைரோ, கடையை மூடிவிட்டு, வந்தவர்கள் அத்தனை பேருக்கும் காகிதத்தில் சுற்றிய மீனும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்தார். மாதா கோயில் கூடத்தில் எல்லோரும் எண்ணெய்க் கையோடு அழுதார்கள். கண்ணைத் துடைக்க முடியாமல் தவித்த தன் அண்ணனைப் பார்த்து, ஆல்வின் இருந்தால் இந்நேரம் இதற்கு ஒரு வார்த்தை சொல்லியிருப்பார் என்று கிளெனிஸ் நினைத்தாள். திரும்பி அவரைத் தேடியும் பார்த்தாள்.

பந்தைக் கையால் பிடித்தும் காலால் உதைத்தும் நாரைகள் ஆடும் ஆடுகளத்தில் அவர்கள் மூவரின் இருக்கைகளும் வரிசையாக இருந்தன. ஒரு பக்கம் ஆல்வின், மறுபக்கம் ஸ்பைரோ, நடுவில் கிளெனிஸ். பல ஆண்டுகளாக அவர்களுடைய சண்டை அவள் தலைக்கு மேலேதான் போய் வந்துகொண்டிருந்தது. அவள் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பாள், பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றித் தருவாள். யார் நல்லவன், யார் வீணன் என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும், யாராவது அடிபட்டுக்கொள்ளாமல் இருந்தால் போதும் என்றுதான் சொல்லியிருப்பாள்.

சண்டை முழுக்க ஒரே ஆளைப் பற்றியது. ஏழு ஆண்டுகளுக்கு முன் நாரைகள் கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்தார்கள். மோசமாக ஆடியவர்களுக்கு ஆறுதலாக, ஆண்டு முடிவில் நாட்டின் இளம் ஆட்டக்காரர்களில் பிடித்தவனை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை கிடைக்கும். டிராஃப்ட் என்று அதற்குப் பெயர். மூன்றாவது முறை நாரைகளுடையது. அவர்கள் எடுத்தது ப்ரோடி ஹெஸ்கெத் என்ற, கோதுமைச் சீமையிலிருந்து வந்த நெட்டைப் பையனை. அவர்கள் விட்டுவிட்டுப் போன வெல்லா என்பவனை நாலாவதாக இன்னொரு அணி எடுத்தது. வெல்லா இப்போது கழுத்து நிறையப் பதக்கம் வைத்திருக்கிறான், தொலைக்காட்சியில் ரொட்டி விளம்பரத்தில் சிரிக்கிறான். ஹெஸ்கெத்துக்கு முதலில் தோள் போனது, பிறகு முட்டி போனது. இரண்டும் சரியானபோது பந்து அவன் கையில் நிற்கவில்லை. நன்றாக ஆடும் நாளில் இரண்டாம் அணிக்கும் மோசமாக ஆடும் நாளில் முதல் அணிக்கும் ஆடுகிறான் என்று ஸ்பைரோ சொல்வார். எந்த ஆட்டமானாலும், தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவனுடைய இடது காலுறை கணுக்காலுக்குச் சரிந்துவிடும். ஒரு தடவை கூட அவன் குனிந்து அதை இழுத்துவிட்டதில்லை.

டிராஃப்ட் முடிந்த வாரமே, பையன் பந்தைத் தொடுவதற்கு முன்பே, ஆல்வின் அவனுடைய சட்டை எண்ணை, சிவப்புக் கம்பளித் துணியில் வெட்டிய முப்பத்தொன்றை, வாங்கிவந்து கோட்டின் முதுகில் தைக்கச் சொன்னார். கிளெனிஸ் அதைக் கொஞ்சம் கோணலாகத் தைத்துவிட்டாள். ஸ்பைரோ விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கே இரண்டு பேரும் பந்தயம் கட்டிக் கைகொடுத்துக்கொண்டார்கள். ஹெஸ்கெத் ஒரு ஏமாற்றம் என்று ஆல்வின் ஒத்துக்கொண்டால் எண்ணைப் பிரித்தெடுத்துவிட வேண்டும். நல்ல ஆட்டக்காரன் என்று ஸ்பைரோ ஒத்துக்கொண்டால் அதே எண்ணை அவரும் தன் கோட்டில் தைத்துக்கொள்ள வேண்டும். தவணை ஐந்து ஆண்டு.

"அஞ்சு வருஷம் முடிஞ்சுதுய்யா, பிரி" என்று போன வருஷத்துக்கு முந்தைய வருஷமே ஸ்பைரோ கேட்டார்.

"தோள் போயி ஒரு வருஷம், முட்டி போயி ஒரு வருஷம். அதைக் கழி. இன்னும் ரெண்டு பாக்கி."

"இப்படிக் கழிச்சா எனக்கே இப்ப முப்பத்தஞ்சு வயசுதான்."

"மூணாவதா எடுன்னு அந்தப் பையனா வந்து கேட்டான்? நாப்பதாவதா எடுத்திருந்தா அவனை நீ தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு ஆடுவ. விலைச்சீட்டை நீங்களே ஒட்டிட்டு, துணி மட்டம்னு கத்துறீங்க."

"விலை கொடுத்தவன் கத்தத்தான்யா செய்வான்! நாலாவதா போனவனைப் பாரு!"

இந்தப் பேச்சு அநேகமாக இதே சொற்களில் வாரந்தோறும் நடக்கும். வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் ஆல்வின், ஸ்பைரோ சொன்னதை எல்லாம் ஒரு தடவை திரும்பச் சொல்லி, அதற்குத் தான் சொல்ல மறந்த பதில்களையும் சொல்லிப் பார்ப்பார். கிளெனிஸ் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவாள். காது கேட்டுக்கொண்டுதான் இருந்தது என்பது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது.

ஜூன் மாதத்துக் குளிரில் ஒரு ஞாயிறு மதியம் அவள் மறுபடி ஆட்டத்துக்குப் போனாள். ஆல்வினின் கோட்டைப் போட்டுக்கொண்டாள். அது அவளுக்கு முட்டி வரை வந்தது, கைகள் உள்ளேயே காணாமல் போயின. முதுகில் அந்த ஒன்றின் கால் பிரிந்தபடியே இருந்தது. பல நாள் ஊசியை எடுத்தாள், பல நாள் திரும்ப வைத்தாள். அதைத் தைத்துவிட்டால் அவர் கேட்டுவிட்டுப் போன கடைசி வேலையும் முடிந்துவிடும்.

ஸ்பைரோ அவளைக் கண்டதும் எழுந்து, தன் கழுத்துத் துணியால் அவள் இருக்கையைத் துடைத்துவிட்டார். தேநீர் ஊற்றித் தந்தது அவர்தான். "சக்கரை போதுமா? கால்ல போர்வை வேணுமா? குளிருதா?" என்று மருத்துவமனையில் பேசுவதுபோல மெதுவாகக் கேட்டார். அந்தப்புறம் ஆல்வினின் இருக்கை மடங்கியபடி நின்றது. சந்தா கட்டியாகிவிட்ட இருக்கை. இந்த வருஷம் முழுக்க வேறு யாரும் அதில் உட்கார முடியாது.

ஹெஸ்கெத் அன்று முதல் அணியில் இருந்தான். ஆட்டத்தின் நாலு பகுதிகளில் முதலாவதிலேயே ஒரு பந்து உயரமாக, அவசரமில்லாமல், வீட்டுக்கு வரும் விருந்தாளியைப் போல அவன் மார்புக்கு நேராக வந்தது. அவன் கைகளுக்கு நடுவே புகுந்து, நெஞ்சில் மோதி, தரையில் விழுந்து ஓடியது. அந்தப் பக்கத்துப் பார்வையாளர் மாடம் மொத்தமும் ஒரே குரலில் முனகியது. கிளெனிஸ் கோப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஸ்பைரோ இருந்த இடதுபக்கம் காதைக் கொடுத்தாள்.

ஸ்பைரோ தொண்டையைக் கனைத்தார். "மழை பெஞ்சிருக்குல்ல. பந்து வழுக்கும்" என்றார்.

வியாழக்கிழமையிலிருந்து மழை இல்லை. கிளெனிஸ் வானத்தைப் பார்த்தாள், பிறகு ஸ்பைரோவைப் பார்த்தாள். அவர் ஆட்டத்தை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பகுதியில் ஹெஸ்கெத் பந்தைத் தன் ஆளுக்குக் கைமாற்றுவதாக நினைத்து எதிரணிக்காரன் வயிற்றில் கொண்டுபோய்க் கொடுத்தான். "யோசனை என்னமோ நல்ல யோசனைதான்" என்றார் ஸ்பைரோ. வெல்லாவின் பேரை அவர் ஒரு தடவை கூட எடுக்கவில்லை. பின்வரிசையில் ஒருவன், "மூணாவதா எடுத்த லட்சணத்தைப் பாரு!" என்று கத்தியபோது, ஸ்பைரோ திரும்பி அவனை முறைத்தார். ஒரு பக்கம் காலி இருக்கை, மறுபக்கம் வாய்மூடிய ஸ்பைரோ. இத்தனை ஆயிரம் பேரின் இரைச்சலுக்கு நடுவே தன் தலைக்கு மேலே மட்டும் ஒன்றுமே இல்லை என்று கிளெனிஸுக்குத் தோன்றியது. வீட்டில் தனியாக இருந்தபோது கூட இத்தனை அமைதி இருந்ததில்லை. அங்கே குளிர்பெட்டியாவது உறுமும்.

இடைவேளையில் ஸ்பைரோ தன் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து அவள் மடியில் வைத்தார். உள்ளே சிவப்புக் கம்பளித் துணியில் புத்தம் புதிய முப்பத்தொன்று. கூடவே ஒரு நூல்கண்டும் அதில் குத்திய ஊசியும். ஸ்பைரோவின் மனைவி வூலா வைத்து அனுப்பியிருந்தாள்.

"கிளெனிஸ், அவர் சொன்னதுதான் சரி" என்றார் ஸ்பைரோ. அவர் தன் கோட்டைக் கழற்றி, முதுகுப்பக்கம் மேலே தெரியும்படி மடித்து நீட்டினார். "நான் ஒத்துக்கறேன். நீயே தைச்சுக் கொடு. கோணலாத் தைச்சாலும் பரவாயில்ல."

கிளெனிஸ் அந்த எண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தாள். இதைக் கேட்க ஆல்வின் ஏழு வருஷம் காத்திருந்தார். கேட்டிருந்தால் இந்த வரிசையிலேயே ஒரு ஆட்டம் போட்டிருப்பார். ரயிலில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லியிருப்பார். ஒரு மாதத்துக்குக் காலையில் எழுந்ததும் அதைத்தான் பேசியிருப்பார். அவள் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். ஆனால் சீட்டாட்டத்தில் அழும் குழந்தைக்கு விட்டுக்கொடுப்பதுபோல அவருக்கு யாரோ விட்டுக்கொடுக்கிறார்கள். தோற்பதைக் கூடத் தாங்கிக்கொள்ளும் ஆள் அவர், இதைத் தாங்கமாட்டார். இதைத் தைத்துவிட்டால் சண்டை முடிந்துவிடும். சண்டை முடிந்துவிட்டால் அந்த இருக்கை வெறும் இருக்கை.

"ஸ்பைரோ, என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. நெஜமாவே அவன் நல்ல ஆட்டக்காரன்னு நெனைக்கிறியா?"

"நல்ல பையன். அம்மா அப்பா மேல பாசமா இருக்கானாம்."

"அதையா கேட்டேன்?"

"ஏம்மா என்னை வம்புக்கு இழுக்கற?"

"சொல்லு."

ஸ்பைரோ தன் காலணிகளைப் பார்த்தார். மடங்கி நின்ற இருக்கையைப் பார்த்தார். பிறகு அடக்கிவைத்தது எல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. "மீன் பொரிக்கிற எண்ணெயை ரெண்டு கையிலயும் தடவிட்டு எறங்கினாக்கூட எங்க வூலா இதைவிட நல்லாப் பிடிப்பா! மார்புக்கு வந்த பந்தும்மா அது! தொட்டில்ல கெடக்கிற குழந்தை பிடிக்கும்! நாலாவதா போனவன் இன்னிக்கு ரொட்டி விக்கிறான், நம்மாளு அதை வாங்கிக் கொடுத்தாக்கூடக் கீழ போட்டுருவான்!"

கிளெனிஸ் சிரித்தாள். சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. தேநீர் கோட்டின் மேல் சிந்தியது. ஸ்பைரோ பயந்துபோய்ப் பார்த்தார், அழுகிறாளோ என்று. இல்லை என்று தெரிந்ததும் அவரும் சிரித்தார், கொஞ்சம் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

அவள் ஆல்வினின் கோட்டைக் கழற்றி மடியில் விரித்தாள். வூலா கொடுத்த ஊசியில் நூலைக் கோத்து, பிரிந்து கிடந்த அந்த ஒன்றின் காலைப் பிடித்து, இரண்டு தையலுக்கு நாலு தையலாகப் போட்டு, நூலைப் பல்லால் கடித்தாள். புது எண்ணைக் காகிதத்தில் திரும்பச் சுற்றி ஸ்பைரோவின் கையில் கொடுத்தாள்.

"இதைப் பத்திரமா வச்சுக்கோ. இன்னும் தீர்ப்பு வரலை."

"ஏழு வருஷம் ஆச்சும்மா."

"தோளைக் கழிச்சோம், முட்டியைக் கழிச்சோம். இந்த வருஷத்தையும் கழி."

"இந்த வருஷம் அவனுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"எனக்கு ஆச்சு" என்றாள் கிளெனிஸ். "கணக்குல சேராது."

ஸ்பைரோ யோசித்தார். பெரிய அநியாயம் ஒன்றைப் பொறுத்துக்கொள்பவரைப் போலப் பெருமூச்சு விட்டார். "ஒரே ஒரு வருஷம். அதுக்கு மேல ஒரு நாள் தரமாட்டேன்" என்று கோட்டை மாட்டிக்கொண்டார்.

கடைசிப் பகுதியில் இரண்டு அணிகளும் நெருக்கமாக வந்துவிட்டன. முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. நாரைகள் ஐந்து புள்ளி பின்னால் இருந்தார்கள். நாலு பேர் மோதிக்கொண்ட கூட்டத்துக்கு மேலே ஒரு நீளக் கை எழுந்தது. பந்து அதில் ஒட்டிக்கொண்டது. யார் என்று பார்த்தால், ஹெஸ்கெத். தானே நம்பாதவன்போல அவன் பந்தைப் பார்த்தான். கம்பங்களுக்கு நேர் எதிரே நின்றான். அப்படிப் பந்தைப் பிடித்தவனை யாரும் தடுக்காமல் ஒரு தடவை உதைக்க விட வேண்டும். பெரிய கம்பங்கள் இரண்டுக்கும் நடுவே அடித்தால் ஆறு புள்ளி, ஆட்டம் கையில். கொஞ்சம் விலகி ஓரத்துக் கம்பங்களுக்குள் போனால் ஒரே ஒரு புள்ளி, அதோடு சரி. மாடம் முழுக்க எழுந்து நின்றது.

"கடவுளே, வேற யாராவது பிடிச்சிருக்கக் கூடாதா!" என்று ஸ்பைரோ தலையில் கைவைத்துக்கொண்டார். "வெல்லாவா இருந்தா கண்ணை மூடிட்டு அடிப்பான்!"

"விலைச்சீட்டை நீங்க ஒட்டிட்டு..." என்று கிளெனிஸ் தொடங்கினாள். குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்தது. பின்வரிசைக்காரன் குனிந்து பார்த்தான். அவள் நிறுத்தவில்லை. "துணி மட்டம்னு கத்தாதய்யா! அவனா வந்து மூணாவதா எடுன்னு கேட்டான்?"

"யாரும்மா இது, இத்தனை நாள் எங்க இருந்தீங்க?" என்றான் பின்வரிசைக்காரன்.

"நடுவுலதான்" என்றாள் கிளெனிஸ்.

ஸ்பைரோ பதிலுக்கு ஏதோ கத்தினார், அவளும் கத்தினாள், இருவருமே களத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஹெஸ்கெத் ஒரு கொத்துப் புல்லைப் பிடுங்கிக் காற்றில் விட்டான். அது எந்தப் பக்கம் பறந்ததென்று பார்த்தான். சில அடிகள் பின்வாங்கினான், பந்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடிவரத் தொடங்கினான். அவனுடைய இடது காலுறை கணுக்காலில் சரிந்து கிடந்தது.